ஊமத்தம்பூ சூடியவன்

பிரதோஷ நாளில் சிவன் கோயில் வாசலில் இருக்கும் பூக்கடைகளைப் பார்த்திருப்பீர்கள். மல்லிகை, சாமந்தி, அரளி என்று குவியல் குவியலாகப் பூக்கள் இருக்கும். அவற்றுக்கு நடுவே, வில்வக் கட்டுகளுக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் தட்டில், எக்காளம் போல வாய் விரிந்த நீளமான வெள்ளைப் பூக்கள் கிடக்கும். சில நாள் ஊதா நிறத்திலும் வரும். ஊமத்தம்பூ!

இந்தச் செடி நம் வீட்டுக் கொல்லையில் முளைத்தால் என்ன செய்வோம்? 'குழந்தை வாயில் வைத்துவிடப் போகிறதே' என்று பயந்து வேரோடு பிடுங்கி எறிவோம். அதே பூவைக் காசு கொடுத்து வாங்கி, 'ஸ்வாமிக்குச் சாத்துங்கோ' என்று குருக்களிடம் பயபக்தியுடன் நீட்டுகிறோம். விநாயகர் சதுர்த்தி அன்று வீட்டுப் பிள்ளையாருக்கு அர்ச்சிக்கும் இருபத்தொரு இலைகளிலும் ஊமத்தை இலைக்கு இடம் உண்டு.

கொல்லையில் ஆகாதது, கடவுள் தலையில் மட்டும் எப்படி ஆயிற்று?

விஷம் என்பது மட்டுமல்ல, விஷயம் அதற்கும் மேலே. இந்தச் செடி மனதைக் கலக்குவது. 'உன்மத்தம்' என்றால் பித்து. அந்தச் சொல்தான் நம் வாயில் ஊமத்தை ஆயிற்று. தேவாரத்தில் 'மத்தம்' என்று வருவதும் இதுவே. எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போனால் சோழர் கால நடராஜர் செப்புத் திருமேனிகளைச் சற்று நின்று பாருங்கள். ஆடும் சடையில் கங்கை, பிறை, கபாலம் இவற்றோடு ஊமத்தம்பூவையும் சிற்பி வடித்திருப்பார். திருவெண்ணெய்நல்லூரில் சுந்தரர் 'பித்தன்' என்று அழைத்தாரே, அந்தப் பித்தனுக்குப் பித்துப் பூ!

இன்னொரு சுவையான செய்தி. ஊமத்தை இனத்தின் தாயகம் அமெரிக்கா என்பது தாவரவியலாளர்கள் பலரின் கருத்து. அப்படியானால் கொலம்பஸுக்குப் பிறகுதானே இந்தியாவுக்கு வந்திருக்க வேண்டும்? இல்லை, அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இங்கே இருந்தது என்று 2007-ல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியானது. அதற்கு ஆதாரமாகக் காட்டப்பட்டவை நம்முடைய பழைய நூல்களும் சிற்பங்களும்தான். எங்கிருந்து, எப்படி வந்ததோ, ஈசன் சடையில் ஏறிவிட்டது. அந்தி சாயும் நேரத்தில் இதழ் விரிக்கும் பூ அது. பிரதோஷ வேளைக்குப் பொருத்தம்தான்!

ஆனால், இதன் காயையோ விதையையோ தெரியாமல் தின்றுவிட்டால் விபரீதம். வாய் வறளும், உடல் கொதிக்கும், கண்மணி அகலமாக விரிந்து பார்வை மங்கும். இல்லாத ஆட்களோடு பேசத் தோன்றும், வெறி பிடிக்கும். பிழைத்து எழுந்தாலும் நடந்தது எதுவும் ஞாபகம் இருக்காது. பிழைக்காமல் போனவர்களும் உண்டு. பழைய நாளில் வழிப்பறிக்காரர்கள் யாத்ரிகர்களின் சோற்றில் ஊமத்தை விதையைக் கலந்து கொடுத்துக் கொள்ளையடித்திருக்கிறார்கள்.

இப்படி மனதை மாற்றும் செடிகளோடு மனிதன் ஆயிரக்கணக்கான வருடங்களாக உறவு வைத்திருக்கிறான். 'போதை தருவதா? ஒதுக்கு' என்று சொல்வது ஒரு கட்சி. 'கடவுளுக்கே உகந்தது, எனக்கென்ன' என்பது இன்னொரு கட்சி. இரண்டு பேரும் கோயில் வாசல் ஊமத்தம்பூவைச் சரியாகப் பார்க்கவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

செடியின் நியாயம்

முதலில் செடியின் பக்கம் நின்று பார்ப்போமே. ஓடத் தெரியாத உயிர் அது. பூச்சி வந்து இலையைக் கடித்தால் எழுந்து தப்பிக்க முடியாது. அதனால் இலையிலும் விதையிலும் கசப்பையும் விஷத்தையும் வைத்துத் தன்னைக் காத்துக்கொள்கிறது. காபிச் செடியில் இருக்கும் கஃபீன், புகையிலையில் இருக்கும் நிகோடின், ஊமத்தையின் அட்ரோபின் எல்லாம் இப்படித் தற்காப்புக்குப் பிறந்தவை என்கிறார்கள் விஞ்ஞானிகள். நம்மை மயக்கவேண்டும் என்று எந்தச் செடியும் நினைக்கவில்லை. பூச்சியின் நரம்பும் நம் நரம்பும் ஒரே சிருஷ்டியின் கைவேலை என்பதால் அங்கே வைத்த குறி இங்கேயும் தைக்கிறது.

பகைவனுக்கு மட்டும்தான் என்றும் இல்லை. காபிப் பூவின் தேனில் மிகமிகச் சிறிய அளவில் கஃபீன் இருக்கிறது. அதைக் குடித்த தேனீக்கள் அந்தப் பூவின் வாசனையை மறக்காமல் நினைவில் வைத்துக்கொள்கின்றன என்று 2013-ல் கண்டுபிடித்தார்கள். இலையைக் கடிப்பவனுக்கு விஷம், மகரந்தம் சுமப்பவனுக்கு ஞாபகசக்தி! காலையில் டிகாக்‌ஷன் வாசனைக்கு நாம் சமையலறைப் பக்கம் போவதும் கிட்டத்தட்ட தேனீயின் கதைதான்.

ஊமத்தையையே எடுத்துக்கொள்ளுங்கள். கிராமத்தில் பூச்சிமருந்து குடித்துவிட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வரப்படுபவர்களின் உயிரைக் காக்க டாக்டர்கள் முதலில் ஏற்றும் மருந்துகளில் ஒன்று அட்ரோபின். ஊமத்தையில் இருக்கும் அதே பொருள்தான். ஆளைக் கொல்வதும் அதுவே, மீட்பதும் அதுவே. எனவே 'இது பாவச் செடி, இது புண்ணியச் செடி' என்று ஆண்டவன் பிரித்துப் படைத்ததாகச் சொல்ல வழியில்லை.

தொலைந்துபோன சோமம்

'வேதத்திலேயே சோமபானம் இருக்கிறதே' என்று சிலர் கண் சிமிட்டிக்கொண்டு கேட்பார்கள். இருக்கிறதுதான். ரிக் வேதத்தின் ஒன்பதாம் மண்டலத்தில் உள்ள 114 சூக்தங்களும் சோமத்தைப் போற்றுபவை. அந்தச் செடியை இடித்து, சாறு பிழிந்து, வடிகட்டி தேவர்களுக்கு அர்ப்பணித்தார்கள்.

அது எந்தச் செடி? காளான் என்று 1968-ல் வாஸன் என்ற அமெரிக்கர் ஒரு பெரிய புத்தகமே எழுதினார். எபிட்ரா என்ற புதர்ச்செடி என்பது வேறு சிலரின் கட்சி. இன்றுவரை தீர்ப்பு இல்லை.

எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது வேறொன்று. பிராமணங்கள் எனப்படும் வேத உரைப்பகுதிகள் எழுந்த காலத்திலேயே 'சோமம் கிடைக்காவிட்டால் பூதிகம் போன்ற மாற்றுச் செடிகளை வைத்து யாகம் செய்யலாம்' என்று விதி வந்துவிட்டது. கேரளத்தில் திருச்சூர் மாவட்டத்துப் பாஞ்ஞாளில் 1975-லும் 2011-லும் அதிராத்ரம் என்ற மாபெரும் சோமயாகம் நடந்தது. அங்கேயும் இலையில்லாத ஒரு கொடியைத்தான் சோமமாகக் கொண்டார்கள். யோசித்துப் பாருங்கள். போதைதான் நோக்கமாக இருந்திருந்தால், அந்தச் செடி தொலைந்த அன்றே யாகமும் தொலைந்திருக்குமே! செடி போயிற்று, மந்திரம் நின்றது, அர்ப்பணம் நின்றது.

காசியில் ஒரு தம்ளர்

காசி யாத்திரை போன வாசகிகள், வடக்கே சில ஊர்களில் அரசு உரிமம் பெற்ற 'பாங்க்' கடைகளைப் பார்த்து அதிர்ந்திருப்பீர்கள். கஞ்சா செடியின் இலையை அரைத்து, பால், பாதாம், மிளகு, சோம்பு சேர்த்த தண்டாயில் கலப்பது அங்கே வழக்கம். சிவராத்திரிக்கும் ஹோலிக்கும் கூட்டம் அலைமோதும். உஜ்ஜயினி மகாகாளருக்கு பாங்கினாலேயே அலங்காரம் செய்வதும் உண்டு. 1985-ல் வந்த போதைப்பொருள் சட்டம் கஞ்சா செடியின் பூக்கொத்தையும் பிசினையும் தடை செய்தது. தனியாக எடுத்த இலையை அந்த விளக்கத்துக்குள் சேர்க்கவில்லை. அந்த இடைவெளியில்தான் பாங்க் கடைகள் நிற்கின்றன. வெள்ளைக்காரர்கள் 1893-94-ல் இதற்கென்றே ஒரு கமிஷன் போட்டு, ஏழு தொகுதி அறிக்கை எழுதி, அளவாக உபயோகிப்பதால் பொதுவாகத் தீங்கில்லை, அளவு மீறினால் கேடு, முழுத்தடை வேண்டாம் என்று முடித்தார்கள்.

வடநாட்டு வழக்கத்தைக் குறை சொல்வது என் நோக்கமல்ல. ஆனால், 'சிவனே குடிக்கிறார்' என்ற அந்த ஒரு வாதத்தை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. சிவபெருமான் குடித்ததாக நாம் பிரதோஷந்தோறும் கொண்டாடுவது ஆலகாலத்தை அல்லவா! தேவரும் அசுரரும் தங்கள் ஆசைக்காகக் கடலைக் கடைந்தார்கள். வந்த விஷத்தைப் பார்த்து எல்லோரும் ஓடினார்கள். அவர் ஒருவர் கை நீட்டி வாங்கினார். மற்றவர்கள் குடிக்க வேண்டாம் என்பதற்காகக் குடித்தார். அம்பிகை அவர் கண்டத்தைப் பிடித்தாள், விஷம் அங்கேயே நின்றது. சென்னையிலிருந்து ஊத்துக்கோட்டை தாண்டி, ஆந்திர எல்லையில் இருக்கும் சுருட்டப்பள்ளிக்குப் போனவர்களுக்குத் தெரியும். விஷம் உண்ட களைப்பில் பள்ளிகொண்டீஸ்வரராக அம்பிகை மடியில் தலை வைத்துச் சயனித்திருக்கிறார். சிவனைப் பின்பற்ற வேண்டுமென்றால் முதலில் ஆலகாலத்தில் அல்லவா ஆரம்பிக்க வேண்டும்? அதை விட்டுவிட்டு நேரே தண்டாய்க்கு வருவது எந்த ஊர் நியாயம்?

யாத்திரை போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: வாயால் சாப்பிடும் பாங்க் வேலை செய்ய ஒரு மணி, இரண்டு மணி நேரம்கூட ஆகும். 'ஒன்றும் ஆகவில்லையே' என்று இரண்டாவது தம்ளரை வாங்கினால் ஆபத்து. தண்டாய் வாங்கும்போது பாங்க் கலக்காததுதானா என்று கேட்டு வாங்குங்கள்.

ஊமத்தம்பூவுக்குத் திரும்ப வருகிறேன். கோயிலில் துளசி தருகிறார்கள், வாயில் போட்டுக்கொள்கிறோம். விபூதி தருகிறார்கள், இட்டுக்கொள்கிறோம். சாத்திய ஊமத்தம்பூவை யாராவது பிரசாதமாகச் சாப்பிடுகிறோமா? இல்லை. அது அவரிடம் போனால் போனதுதான். 'என்னால் தாங்க முடியாததை நீ வைத்துக்கொள்' என்று ஒப்படைப்பதும் ஒரு சமர்ப்பணம்தானே. (வீட்டில் பூஜை செய்பவர்கள் ஊமத்தையைத் தொட்ட கையை நன்றாகக் கழுவுங்கள். நிர்மால்யத்தைப் பசுமாடு தின்னும் இடத்தில் போடாதீர்கள்.)

நம் வீட்டுக்குள்ளே

ஊரைப் பற்றிப் பேசியாயிற்று. நம் வீட்டுக்கு வருவோமா? ஜாதிக்காயை உரைகல்லில் இழைத்துக் குழந்தைக்குக் கொடுத்துத் தூங்கப் பண்ணாத பாட்டி உண்டா? ஒரு இழைப்புக்கு மேல் போகமாட்டார்கள். அளவு அவர்கள் விரலில் இருந்தது. முழுக்காயைத் தின்றால் ஜாதிக்காயும் பித்தம் தலைக்கேற்றும் சரக்குதான்.

தாம்பூலம் மங்கலப் பொருள். கோவலனின் கடைசி உணவுக்குப் பின் கண்ணகி கொடுத்ததும் வெற்றிலை பாக்குதான். நவராத்திரியில் சுமங்கலிக்குத் தாம்பூலம் தருவதை யாரும் விட வேண்டியதில்லை. ஆனால், பாக்கில் அரிகோலின் என்ற பொருள் இருக்கிறது. அதுதான் மென்றவுடன் சூடும், சுறுசுறுப்பும், ஒரு லேசான கிறுகிறுப்பும் தருவது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2003-ல் ஆராய்ந்து, புகையிலை சேராத வெறும் பாக்குகூட மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்று முடிவு சொன்னது. தட்டில் வைத்துக் கொடுப்பது வேறு, நாள் முழுவதும் சீவல் பாக்கெட்டைப் பிரித்து மெல்வது வேறு. பிந்தையது ஒன்றும் சம்பிரதாயம் அல்ல. புகையிலையோ போர்ச்சுக்கீசியர் காலத்தில் அமெரிக்காவிலிருந்து வந்த சரக்கு.

அப்புறம் காபி! 'ஏகாதசி விரதத்தில் காபி குடிக்கலாமா?' என்ற கேள்வி எங்கள் அலுவலகத்துக்கு வராத மாதமில்லை. சாஸ்திரத்தில் காபி கிடையாது, எப்படி இருக்கும்? ஏமனிலிருந்து பாபா புடன் ஏழு காபிக் கொட்டைகளைக் கொண்டுவந்து சிக்மகளூர் மலையில் விதைத்ததாகச் சொல்லப்படுவதே பதினேழாம் நூற்றாண்டில்தான். தமிழ்நாட்டு வீடுகளில் காபி குடிபுகுந்த விதத்தை ஆ.இரா. வேங்கடாசலபதி 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்ற நூலில் எழுதியிருக்கிறார். பெருமாளுக்குக் கண்டருளப் பண்ணாமல் எதையும் சாப்பிடாத மாமிகள்கூட, அவருக்கு முன்னால் காபியை முடித்துவிடுகிறார்களே!

என் அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறேன். ஏகாதசியில் பதினோரு மணிக்கு வருகிற தலைவலி பசியால் மட்டும் வருவதல்ல. கஃபீன் கிடைக்காததால் வருவது. வழக்கமான காபி நின்ற பன்னிரண்டு மணி நேரத்தில் தொடங்கி, சிலருக்கு ஒரு வாரம்வரை நீடிக்கும். மனம் எதனிடம் அடிமை என்று காட்டிக்கொடுப்பதுதான் விரதத்தின் வேலை என்றால், அந்தத் தலைவலியும் விரதத்தின் பலன்தான். முதல்நாளே அளவைக் குறைத்துக்கொண்டால் அவ்வளவு கஷ்டம் இருக்காது. உடம்பு முடியாதவர்கள், மாத்திரை சாப்பிடுபவர்கள் ஒரு வாய் குடித்தால் பெருமாள் கோபித்துக்கொள்ளமாட்டார்.

கசகசாவின் தாய்ச்செடி

இதுவரை சொன்னதெல்லாம் லேசான சமாசாரம். கடைசியாகச் சொல்லப்போவது அப்படி அல்ல.

குருமாவுக்கு அரைக்கும் கசகசா, அபினிச் செடியின் விதை. விதையில் போதை இல்லை. ஆனாலும் துபாயில் இருக்கும் மகளுக்கு மசாலாவோடு கசகசா கட்டிக் கொடுத்துவிடாதீர்கள், அங்கே அது தடைசெய்யப்பட்ட பொருள். அந்தச் செடியின் பச்சைக்காயைக் கீறினால் வரும் பாலில்தான் அபின் இருக்கிறது. தேசங்களையே அடிமைப்படுத்திய பொருள் அது. மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசத்தில் அரசு உரிமத்தோடு இன்றும் பயிராகிறது. காரணம், அதிலிருந்துதான் மார்ஃபின் கிடைக்கிறது. புற்றுநோயின் கடும் வலிக்கு இன்றும் அதைச் சார்ந்துதான் மருத்துவம் நிற்கிறது.

மாம்பலத்தில் எனக்குத் தெரிந்த ஒரு வைணவக் குடும்பம். மாமியாருக்கு எழுபத்தொன்பது வயது. புற்றுநோய் எலும்புக்குப் பரவிவிட்டது. டாக்டர் மார்ஃபின் மாத்திரை எழுதிக் கொடுத்தார். மகன் வாங்க மறுத்துவிட்டார். 'அம்மா அறுபது வருஷம் சஹஸ்ரநாமம் சொன்னவள். கடைசி நேரத்தில் பெருமாள் நாமம் நினைவில் இல்லாமல் போதையில் போகக்கூடாது' என்பது அவர் பிடிவாதம். தாய்மேல் பாசம் இல்லாதவர் அல்ல. அந்திம காலத்தில் எதை நினைக்கிறோமோ அதையே அடைகிறோம் என்று கீதையின் எட்டாம் அத்தியாயத்தில் கண்ணன் சொன்னதை நம்பியவர். இரவில் அம்மா முனகும்போது மொட்டை மாடிக்குப் போய்விடுவாராம். பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தவர் மருமகள்தான். அவர்தான் ஒருநாள் போனில் என்னிடம் கேட்டார். 'நீதான் பக்தி பத்திரிகையில எழுதறியே, சொல்லேன். அந்த மாத்திரையைக் கொடுத்தா எனக்குப் பாவமா?'

எனக்கு உடனே பதில் வரவில்லை. 'நாளைக்குக் கூப்பிடறேன் மாமி' என்று வைத்துவிட்டேன்.

டாக்டர்கள் சொல்வது என்ன என்று முதலில் விசாரித்தேன். வலிக்காக, மருத்துவர் மேற்பார்வையில், வாய்வழியாக, கடிகாரம் பார்த்துக் கொடுக்கும் மார்ஃபினுக்கு நோயாளி போதை அடிமை ஆவது அரிது. முதல் சில நாட்கள் தூக்கம் அமுக்கும், பிறகு பெரும்பாலோருக்குத் தெளிந்துவிடும். மலச்சிக்கல் வரும், அதற்குத் தனி மருந்து உண்டு. உலக சுகாதார நிறுவனம் 1986-லேயே இந்த முறையை வகுத்துவிட்டது. கோழிக்கோட்டில் 1993-ல் தொடங்கிய வலி நிவாரண அமைப்பு இதைச் சாதாரணக் குடும்பங்களின் வீட்டு வாசல்வரை கொண்டுபோனது. ஆனாலும் லைசென்ஸ் மேல் லைசென்ஸ் கேட்ட சட்டத்துக்குப் பயந்து பல ஆஸ்பத்திரிகள் மார்ஃபினை வாங்கி வைக்கவே இல்லை. 2014-ல் சட்டத்தைத் திருத்தி எளிதாக்கினார்கள்.

உடம்புக்குப் பதில் கிடைத்துவிட்டது. மகனின் கேள்விக்கு?

வலியில் துடிக்கும் மனதுக்குப் பெருமாள் நினைவு வருமா? எலும்பைக் குடையும் வலியில் வலி ஒன்றுதான் இருக்கும். அதுவும் ஒரு உன்மத்தம்தான். தெளிவைக் கெடுப்பது மருந்து மட்டும் என்று எப்படி நினைத்தோம்? இன்னொன்று, இந்தப் பயம் மகனுக்குப் புதிதாக வந்ததல்ல. பெரியாழ்வாருக்கே வந்திருக்கிறது. உயிர் பிரியும் வேளையில் உடல் இளைத்து, நாக்குக் குழறி, உன்னை நினைக்க முடியாமல் போகலாம், அதனால் அன்றைக்கு வேண்டியதை இன்றைக்கே சொல்லி வைத்துவிட்டேன் என்று அரங்கனிடம் முறையிட்டுத் திருமொழியில் ஒரு பதிகமே பாடியிருக்கிறார். வராகப் பெருமாள் பூமிப்பிராட்டிக்குக் கொடுத்த வாக்கையும் பெரியவர்கள் சொல்வார்கள். உடம்பும் மனமும் நன்றாக இருக்கும்போது என்னை நினைத்தவன், கடைசியில் கட்டை போலவும் கல் போலவும் கிடந்தால், அப்போது அவனை நான் நினைக்கிறேன் என்பது அந்த வாக்கு. நினைக்க வேண்டிய முறை அங்கே மாறிவிடுகிறது!

அறுபது வருஷம் சஹஸ்ரநாமம் சொன்ன அம்மாவின் கணக்கில் இதற்கு மேல் எதைச் சேர்க்கப் பார்க்கிறார் மகன்? அதற்காக அந்த அம்மா ஒவ்வோர் இரவும் துடிக்க வேண்டுமா?

மறுநாள் மாமியிடம் இதைத்தான் சொன்னேன். அவர் கணவரிடம் எப்படிச் சொன்னாரோ தெரியாது. குடும்பத்துப் பெரியவர் ஒருவரும் வந்து வராக சரம ஸ்லோகத்தை எடுத்துச் சொன்னாராம். மாத்திரை வாங்கி வந்தார்கள். முதல் இரண்டு நாள் அந்த அம்மா தூங்கிக்கொண்டே இருந்தார். மகன் மருமகளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் காலை கண் விழித்து, 'இன்னிக்கு என்ன திதி?' என்று கேட்டிருக்கிறார்.

அதற்குப் பிறகு ஏழு வாரம் இருந்தார். சில நாள் மருமகள் சஹஸ்ரநாமம் படிக்க உதடு கூடவே அசையும். சில நாள் அசையாது. காலை ஆறு, பத்து, மதியம் இரண்டு, மாலை ஆறு, இரவு பத்து என்று ஒரு காகிதத்தில் எழுதிப் பூஜை அறைக் கதவில் ஒட்டியிருந்தார்கள். மாலை ஆறு மணி மாத்திரை மட்டும் மகன் கொடுப்பாராம். விளக்கேற்றிய பிறகு, அம்மாவின் காதருகே குனிந்து ஒருமுறை 'நாராயணா' என்று சொல்லிவிட்டு.